நடந்துபோன எல்லைக்கல்

எங்கள் லிண்டன்ரீட் மாவட்டம் என்பது நான்கு கிராமமும் ஓர் ஓடையும்தான். பிரபுக்கள் வீட்டில் கல்யாணம் நடந்தால் அது கை மாறும். எல்லைக்கற்கள் மட்டும் அசையாது. அப்படிப்பட்ட கல்லே நகர்ந்துவிட்டது என்று ஓடி வந்தாள் மாவு ஆலைக்கார விதவை குனிகுண்டா.

"மேட்டுல இருந்த கல்லு என் ஆலைக்கு இந்தப் பக்கம் புல்வெளியில நிக்குதுங்க ஐயா. ஆலை பக்கத்து மாவட்டத்துக்குப் போயிடுச்சுன்னா நம்ம ஆளுங்க அங்க மாவரைக்கக் கூடாதே. நான் இழுத்து மூட வேண்டியதுதான்."

மாவட்ட அதிகாரி ஹொல்ஃபெல்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பக்கத்துப் பிரபு அனுப்பிய நில அளவைக்காரன் ரெய்ஷ்தான் இதைச் செய்திருப்பான் என்று எழுத்தர் லோரன்ஸ் வழியெல்லாம் அடித்துச் சொன்னான்.

வாய்ப்பேச்சு செல்லாது, கல்லடியில் இருக்கும் சாட்சிகள்தான் செல்லும். சத்தியம் செய்த ஏழு பேர் ரகசியமாகப் புதைக்கும் அடையாளப் பொருள்கள் அவை; அவை எந்தக் கல்லடியில் கிடக்கின்றனவோ அங்கேதான் எல்லை. வேறு யாரும் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்று எங்களைச் சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு பேர் தோண்டியபோது எல்லாரும் முதுகைக் காட்டி நின்றோம். மேல்தெரு ஆலைக்காரர் டோர்ஷ் எல்லாருக்கும் முன்னால் திரும்பிக்கொண்டார். ரெய்ஷ் மட்டும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கினான்.

சாட்சிகள் முறைப்படியே இருப்பதாக ஏழு பேரில் மூத்தவர் சொன்னார். குனிகுண்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஹொல்ஃபெல்டர் குழியைப் பார்க்கவில்லை. சாட்சிகளில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் ஒரு பிடி கேட்டு வாங்கினார். அது சிவந்திருந்தது. காலடியில் புல்வெளி முழுவதும் கறுப்பு மண்.

"சாட்சிகளை மேட்டுச் செம்மண்ணோட அப்படியே கட்டியா வெட்டிக் கொண்டாந்திருக்காங்க" என்றார்.

"அளவைக்காரன்தானே ஐயா?" என்றான் லோரன்ஸ்.

"அவனுக்கு என்ன பயம்? சாட்சியைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு வந்திருப்பான். பார்த்தா கண்ணு போயிடும்னு நடுங்கினவன்தான் மண்ணோட சுமப்பான். நம்ம ஊர்க்காரன். இந்த ஆலை போனா நம்ம மாவட்டத்துல மிஞ்சுறது யார் ஆலை?"

டோர்ஷ் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள பார்க்கவே இல்லைங்க. சத்தியமா கண்ணை மூடிக்கிட்டுதான் தூக்கினேன்."

அவரை என்ன செய்வது என்று அதிகாரி குனிகுண்டாவிடமே கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கொண்டாந்தவரே கொண்டுபோய் வைக்கட்டுங்க ஐயா. டோர்ஷண்ணே, போகும்போதாவது கண்ணைத் திறந்துக்கிட்டு நடங்க."

கல் மேடேறியது. குனிகுண்டா மதகைத் திறந்தாள். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதும்தான் எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது.