கவனிக்கப்பட்டது

யாராவது வருவீர்களா மாட்டீர்களா, வருவதென்றால் எப்போது வருவீர்கள் என்று அவள் எழுதி அனுப்பிவிட்டாள்.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் சீனியர் அண்ணன் இந்த நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். "இது ஓப்பன் சோர்ஸ்மா. யாரோ எங்கேயோ உக்காந்து சம்பளமில்லாம எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர். பிழை இருந்தா எழுதிப் போடு. எத்தனை வேணா போடு. எப்ப வந்து சரி பண்ணுவீங்கன்னு மட்டும் கேட்டுடாத. அங்க அது கெட்ட வார்த்தை."

அவள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் அந்த முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் வாசலுக்கு மேல் சிவப்பு பல்பு எரியும், அவளுடைய அறையில் இருக்கும் திரையில் அறை எண் வந்து டிங் என்று ஒலிக்கும். பணியாள் போய்ப் பார்த்துவிட்டு, கட்டில் தலைமாட்டில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பல்பு பச்சையாகும். திரையில் 'கவனிக்கப்பட்டது' என்று வரும். அவ்வளவுதான் அந்த மென்பொருள்.

முதல் தடவை அது நடந்தபோது அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அம்மா அங்கே ஆயா வேலை பார்க்கிறவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, அந்தச் சம்பளத்தில் மகளைப் பட்டதாரியாக்கியவள். நாலாம் அறை மணி அடித்தது. அம்மா டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரையில் 'கவனிக்கப்பட்டது'.

"எவளோ போயிட்டா போல" என்றாள் அம்மா.

"எவ? சாயந்திர டியூட்டிக்கு நீ ஒருத்திதானே இருக்க?"

அம்மா டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆனால் குடிக்கவில்லை.

அன்றே அவள் அந்த மென்பொருள் திட்டத்தின் இணையப் பக்கத்தில் பிழையைப் பதிவு செய்தாள். பரீட்சைக்கு எழுதுவதுபோல் அழகாக, படிப்படியாக, திரையைப் படமெடுத்து இணைத்து, ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் இரண்டு முறை சரிபார்த்து எழுதினாள். யாரும் போகாமலேயே அழைப்பு மூடப்படுகிறது. காத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழகிய வேலை அது. உதவித்தொகைக்கு, சாதிச் சான்றுக்கு, ஹாஸ்டல் சீட்டுக்கு என்று எந்த ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாலும் உள்ளே இருப்பவர் தலை நிமிராமல் நாளைக்கு வா என்பார். இந்த மென்பொருள்காரர்கள் அப்படியில்லை என்று நம்பியிருந்தாள். படித்தவர்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், எல்லாரும் சமம் என்று முகப்பிலேயே எழுதி வைத்திருப்பவர்கள்.

ஒருவன் 'என் கணினியில் நன்றாகத்தானே வேலை செய்கிறது' என்றான். இன்னொருவன் 'நீங்களே திருத்தி அனுப்பலாமே' என்றான். மூன்றாவது ஆள் வேறேதோ ஊர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். 'இங்கேயும் இதேதான், தயவுசெய்து யாராவது பாருங்கள்' என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு தானியங்கிச் செய்தி வந்தது: நீண்ட நாட்களாக இந்தப் பதிவில் அசைவில்லை, சிக்கல் இன்னும் இருக்கிறதா, பதில் வராவிட்டால் மூடப்படும். இருக்கிறது என்று எழுதினாள். மறுபடி கேட்டது. மறுபடி எழுதினாள். ஜுரத்தில் படுத்திருந்த வாரம் எழுத முடியவில்லை, மூடிவிட்டது. திறந்தாள். செத்த வீட்டில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

சரி, நானே திருத்துகிறேன் என்று மென்பொருளின் வரிகளை முழுக்கப் படித்தாள். கண் எரியப் படித்தாள். அழைப்பை மூடுவதற்கு அதில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அறைக்குள் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அன்றிலிருந்துதான் அவளுக்குச் சாயங்காலங்கள் பிடிக்காமல் போயின.

மேனேஜருக்கோ பரம சந்தோஷம். "ஏம்மா, கவனிச்சாச்சுன்னு வருதுல்ல? அப்புறம் அதுல என்ன பிழை? எவ்வளவு சீக்கிரமா கவனிக்கிறோம் பாரு!" பார்க்க வரும் பிள்ளைகளிடம் அந்த வேகத்தைக் காட்டிக் காட்டி மகிழ்ந்தார்.

நாலாம் அறையில் படுத்திருப்பவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். இடுப்புக்குக் கீழே அசையாது, வாய் மட்டும் நெடுஞ்சாலையில் ஓடும். "என்ன கம்ப்யூட்டரம்மா, வண்டியெல்லாம் இப்ப அடிச்ச பெல்லுக்கு வந்து நிக்குது?" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தினார். "நேத்து உங்கம்மா வந்து கையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. பாவம், ஐஸ் மாதிரி கை. வெளக்கப் போடுன்னேன், போடல. ஒரு வார்த்தை பேசல."

முந்தின நாள் அம்மாவுக்கு வார விடுப்பு.

அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் டிரைவர் தாத்தா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அவர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் தொண்டை வறளக் கிடப்பார், படுக்கை நனைந்தாலும் நனைந்தபடியே கிடப்பார். ஏன் தாத்தா என்று கேட்டதற்கு, கூரையைப் பார்த்தபடி, "கேட்டாத்தான் வருது. நான் கேக்கறதில்ல. நீயும் கேக்காத தாயி" என்றார்.

கேட்காதே. எல்லாரும் சேர்ந்து சொல்லிவைத்ததுபோல். பிறந்ததிலிருந்து அவளிடம் எல்லாரும் சொன்னது அந்த ஒன்றைத்தானே. அந்தக் கோபத்தில்தான் இன்று, பார்வையாளர்கள் போன பிறகு, துடைத்த தரையின் பினாயில் வாசனையும் முகப்பவுடர் வாசனையும் கலந்து நடைக்கூடத்தில் தேங்கி நிற்க, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் அந்தக் கேள்வியை எழுதி அனுப்பியது.

பதில் உடனே வந்தது.

திட்டத்தைத் தொடங்கியவரின் கணக்கிலிருந்து. அவர் கடைசியாக அந்தப் பக்கத்துக்கு வந்து வருடக்கணக்காகிறது. அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று பிறர் கேட்ட கேள்விகளே பதிலில்லாமல் அங்கே கிடந்தன. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம்கெட்ட அழுகை. தலை நிமிர்ந்து பார்த்துவிட்டாரே ஒருவர்! கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி என்று தட்டத் தொடங்கினாள்.

டிங்.

திரையில் பூஜ்யம். அறை எண் பூஜ்யம். அது சோதனைக்காகச் சீனியர் அண்ணன் இந்த அறைக்கே வைத்துவிட்டுப் போன எண்; அதற்குப் பொத்தானே கிடையாது, சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அவளுடைய அறை அழைத்துக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் காற்று அவள்மேல் படவில்லை, நடுவில் ஏதோ நின்று மறைப்பதுபோல். ரொம்ப நாள் திறக்காத பீரோவின் உள்வாசனை முதுகுப் பக்கமிருந்து மெல்ல வந்து கழுத்தைத் தொட்டது.

திரும்பக் கூடாது.

டிங்.

திரும்பவில்லை.

கவனிக்கப்பட்டது.

மவுஸ்மேல் இருந்த அவள் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஐஸ். இறுக்கவில்லை, இழுக்கவில்லை. நோயாளியின் கையைப் பிடிப்பதுபோல் பொறுமையாக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்பதுபோல் பிடித்தது. அவள் விரல் நுனிகள் வெளுத்தன. மணிக்கட்டு மரத்தது. மூச்சு சின்னதானது. அதைவிடச் சின்னதானது.

டிங் டிங்.

பதினொன்று. நடைக்கூடத்தின் கடைசி அறை. அங்கே படுத்திருக்கும் பாட்டு டீச்சருக்குப் படுக்கை மாற்றத்தான் அம்மா போயிருந்தாள். தனியாகத் தூக்க முடியாவிட்டால் மட்டும் அம்மா இப்படி இரட்டையாக அழுத்துவாள். ஒரு கை கொடுங்க என்று அர்த்தம்.

அவள் கைமேலிருந்த குளிர் விலகியது.

கதவு அசையவில்லை. ஆனால் பீரோ வாசனை அவளைத் தாண்டி வெளியே போனது.

அவள் மேஜைக்கடியில் புகுந்து, மணிகளையெல்லாம் இணைக்கும் பெட்டிக்குப் போகிற ஒயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கினாள். திரை செத்தது. மணி செத்தது. கதவு பல்புகளுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் மின்சாரம். நடைக்கூடத்துக்கு ஓடினாள். எந்த வாசலிலும் விளக்கில்லை. இருட்டு.

நாலாம் அறைக்கு மேல் பச்சை எரிந்தது.

அணைந்தது. ஐந்தில் எரிந்தது. அணைந்தது. ஆறு. யாரோ அவசரமில்லாமல் நடந்து போவதுபோல். ஏழு. கடைசி அறைக்குள் அம்மாவின் குரல், டீச்சரிடம், "இருங்கம்மா, பெல் அடிச்சுட்டேன், இப்ப வந்துருவாங்க." எட்டு.

ஓடினாலும் முந்த முடியாது. முந்தவேண்டுமென்றால் அதற்குள் புகுந்துதான் போகவேண்டும்.

"ஹலோ!" என்றாள். எல்லா ஜன்னல்களுக்கு முன்னாலும் விழுங்கிய குரல் மொத்தமாக வெளியே வந்தது. "நான்தான் முதல்ல கேட்டேன். வரிசையில முதல்ல நின்னது நானு. எனக்கு முழுசா பதில் சொல்லிட்டு அப்புறம் போ."

ஒன்பதில் பச்சை நின்றது.

நின்றது.

எட்டில் எரிந்தது. ஏழில். ஆறில்.

அவள் அசையவில்லை. நாலாம் அறைக்குள்ளிருந்து டிரைவர் தாத்தா, "கேக்காத தாயி, கேக்காத" என்று முனகினார். அவள் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள், விரல்களை விரித்து. நாலாம் அறைப் பல்பு அவள் தலைக்கு மேல் எரிந்து அணைந்தது. குளிர் வந்து விரல்களுக்குள் விரலாகக் கோத்துக்கொண்டது.

பதினொன்றிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள், தோளில் போர்வையோடு. "என்னடி, எவ்வளவு நேரமா அடிக்கறேன்?"

"பெல் போச்சும்மா. இனிமே யாரும் அதைப் போட வேண்டாம். சத்தம் போட்டுக் கூப்பிடச் சொல்லு. கூப்பிட்டா நீங்களே போங்க."

"நீ எங்க கிளம்பிட்ட?"

"இத வெளிய கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"எத?"

அம்மா சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பிறகு அவள் கண்கள் மகளின் முகத்தை விட்டு நழுவி, நீட்டியிருந்த கைக்குப் போய், கையிலிருந்து மேலே, இன்னும் மேலே, மகளின் தலையைவிட உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்றன. போர்வை கீழே விழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் கதவை இடது கையால் தள்ளித் திறந்தாள். வெளியே தெரு, விளக்குகள், வீடு திரும்பும் ஜனங்கள். வேண்டாமென்று அம்மாவின் குரல் பின்னால் உடைந்தது. படியிறங்கினாள். கை தோள்வரை மரத்துவிட்டது. பக்கத்தில் ஒரு நடை, அவள் நடைக்குச் சரியாக அடி எடுத்து வைத்து, பொறுமையாக, வந்துகொண்டிருந்தது.