கதவடி இடைவெளி

அடித்தளத்தில் ஹீட்டர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் மாடியில் மனைவி வெர்னாவின் அறைத் தரையில், ஹீட்டரின் சூட்டுக் காற்று வரும் துளைக்கு மேல் எம்மெட் பிடித்த டிஷ்யூ தாள் எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது.

எங்காவது காற்று ஒழுக்கு இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். ஆனால் ஒழுக்கு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இலையுதிர்காலம் முழுக்க அறையை ஒட்டிய பரணில் தவழ்ந்து, காற்றுக் குழாய்களின் ஒவ்வொரு மூட்டிலும் சாம்பல் நிறப் பசையைக் கையாலேயே அப்பி, மேலே சூடு போகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சு சுற்றியிருந்தார். போன குளிர்காலம் வரை பாதிச் சூடு பரணில் எலிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "குளிருது எம்மெட்" என்று இந்த அறையில் கிடந்தபடி வெர்னா முனகுவாள். "இன்னொரு கம்பளி போத்திக்கோ" என்பார் அந்தக் கஞ்ச மகாராசர். அவள் கண்ணை மூடிய பிறகுதான் பசை டப்பா வாங்கப் புத்தி வந்தது.

மகள் கார்லா காலையில் போனில் கத்தினாள். "ஆளில்லாத ரூமுக்கு எதுக்குப்பா சூடு? துளைய மூடிட்டு எங்ககூட வந்துடுங்க. பனி விழுறதுக்குள்ள நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாம்" என்றார். டூலூத் ஊர்க்காரர்கள் அப்படித்தான் 'முடியாது' என்பார்கள்.

அந்த அறைக்கே எடுத்துவந்திருந்த மாலைக் காப்பி ஆறுவதற்குள் இருட்டிவிட்டது. முன்பெல்லாம் தகரக் குழாய்கள் சூடேறும்போதும் ஆறும்போதும் டக் டக்கென்று ஏதாவது பேசிக்கொண்டிருக்கும். பஞ்சு சுற்றியதிலிருந்து அந்தத் துணையும் போய், வீடு காது அடைத்தாற்போல் கிடந்தது. அந்த அமைதியில், தரைத் துளையிலிருந்து தைல வாசனையோடு, நீளமாக, இடையிடையே நின்று நின்று, கடைசி வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பழகிய வெர்னாவின் அதே மூச்சு வந்தது.

"இப்பதான் இதமா இருக்கு, எம்மெட்."

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கண்ணில் நீர் முட்டியது. எத்தனை நாளாயிற்று, இந்த வீட்டில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி.

"ஆனா இன்னும் எங்கயோ ஒழுகுது."

அவர் கதவடியைப் பார்த்தார். அறைக்குள் வந்த காற்று திரும்பி ஹீட்டருக்குப் போக விரல்கனம் இடைவெளி வேண்டுமென்று, அவரே இழைத்துக் குறைத்த கதவு.

"வெளிய போய் அடைக்கட்டுமா?"

மூச்சு நின்றது. வெகுநேரம் நின்றது.

"உள்ள இருந்தே அடைங்களேன்."

பசை டப்பாவை எடுத்துவந்தார். கதவைச் சாத்தினார். மண்டியிட்டார். கீழே போன் அடித்தது. கார்லாதான். அடித்து ஓய்ந்தது.

அடியில் அப்பினார். பக்கங்களில். சாவித்துளையில். கடைசியாக மேல் விளிம்பு. பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. தரையில் வெறுங்கால் பதியும் சத்தம்.

அவர் திரும்பவில்லை. அவர் கைத்தடத்துக்குப் பக்கத்தில், ஈரப் பசையின்மேல், மெலிந்த நான்கு விரல்களின் தடம் மெதுவாக இழுபட்டு, அவர் விட்டுவிட்ட மூலையை மூடியது.