அறுபத்து நாலு லட்சம் லிட்டர்

நகரத் திட்ட அதிகாரி மூன்று மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண் தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"எண்பத்து நாலு, எண்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு. படிச்சது ஒரே திட்டம் மேடம்! இப்படியே போனா நாலு மணிக்கு மன்றத்துல என் ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிடும்."

நகரங்களின் திட்டங்களை எடைபோடும் பிரிவின் தலைவி மூன்றாவது தாளை நிதானமாகப் படித்தாள். 'நீரேற்று நிலையம்: தேதி இல்லை, பொறுப்பாளர் இல்லை.'

"எல்லாமே இருக்கு மேடம்!"

தலைவியின் நாத்தனார்தான் அங்கே உதவியாளர். யாரும் சொல்வதற்குள் மூன்றாவது மதிப்பீட்டாளரிடமிருந்து பிரதியை வாங்கி வந்துவிட்டாள். மேலட்டை புதிது. திட்ட அதிகாரி திறந்து இரண்டு பக்கம் புரட்டினாள்.

"உள்ள இருக்கிறது என் பழைய வரைவு. இதை ரெண்டு பேருக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். எங்க மூத்த அதிகாரிக்கும், என் வீட்டுக்காரருக்கும்."

"அச்சான பிரதிகள் யார் கையில இருந்துச்சு?"

"பைண்டிங் கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்தது என் வீட்டுக்காரர். உறையில போட்டு ஒட்டினது மூத்தவர்."

"மூத்தவர்தான் அண்ணி," என்று நாத்தனார் காதைக் கடித்தாள். "பதவி இவங்களுக்குப் போனதுலேர்ந்து அவருக்கு வயிறு எரியுது. புகை இங்க வரைக்கும் வருது."

தலைவி பக்கங்களைப் புரட்டினாள். நீரேற்று நிலையப் பக்கத்தில் 'தினமும் நாற்பது லட்சம் லிட்டர்' என்பதை யாரோ பென்சிலால் அடித்து, 'அறுபத்து நாலு' என்று எழுதியிருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"இல்ல. வரைவுல புதுக் குடியிருப்பைச் சேர்க்க மறந்துட்டேன். நானே அப்புறம் கணக்குப் போட்டு, அச்சுக்குப் போறப்ப திருத்தினேன்."

இரண்டு மணிக்கு தலைவியின் அறையில் மூத்த அதிகாரியும், திட்ட அதிகாரியின் கணவனான தண்ணீர்ப் பிரிவுப் பொறியாளரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"நிலையம் தினமும் எவ்வளவு ஏத்தணும்?" என்று மூத்தவரிடம் கேட்டாள் தலைவி.

"எனக்கென்னம்மா தெரியும்? தண்ணிக்காரரைக் கேளுங்க. ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணு மேல எனக்குக் கடுப்பு இருக்கு. மறைக்கல."

"கடுப்பு இருக்கிறவர் தப்பை அப்படியே விட்டிருப்பார். வரைவை மாத்தி வெச்சவர் தப்பைத் திருத்தியிருக்கார். திட்டம் தோக்கணும், ஆனா தப்பான எண்ணை அப்படியே விடவும் மனசு வரல. சரியான எண் தெரிஞ்சு அப்படிச் செய்யக்கூடியவர் இந்த அறையில ஒருத்தர்தான்."

கணவன் தலை குனிந்தான்.

"நாற்பதுன்னா மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறாது," என்றான் மெதுவாக. பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "எங்க போனாலும் என்னைத் திட்டத்தம்மா புருஷன்னுதான் கூப்பிடறாங்க. பதினெட்டு வருஷமா அந்த மோட்டாரோட மாரடிக்கிறேன். வரைவுல பொறுப்பாளர் கட்டம் காலி. என் பேரை எழுத உனக்கு மனசு வரலையேன்னு..."

தலைவி உண்மையான பிரதியைத் திறந்து அவன் முன் நகர்த்தினாள். கட்டத்தில் அவன் பெயர் இருந்தது.

"அச்சுல பார்த்து சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மனைவி. "நீங்க பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"உன் பேர் போட்ட அட்டையைப் பார்க்கவே பிடிக்கல, கடைக்காரர்கிட்ட வரைவுக்கு ஒண்ணைப் போடச் சொல்லிட்டேன்," என்றவன், தானே ஒரு தாளை எடுத்துத் தன் குற்றத்தை எழுதிக் கையெழுத்திட்டான்.

மூன்றரைக்கு, சரியான பிரதியைப் படித்த மூன்றாவது மதிப்பீட்டாளரின் புதுத் தாள் வந்தது. எண்பத்திரண்டு. நாத்தனார் துள்ளினாள்.

"பொறுப்பாளர் பகுதியில மட்டும் மூணு மார்க் குறைச்சிருக்காங்க அண்ணி, எதுக்கு?"

தலைவி குறிப்பை வாசித்தாள்: "பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே கலந்து பேசியதாகத் தெரியவில்லை."

திட்ட அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து, கணவன் பெயரின் மேல் ஒரு கணம் பிடித்தாள். அடிக்கவில்லை.

"இப்பக் கேக்கறேன்," என்றாள் அவனிடம். "மன்றம் உங்களை வேலையில விட்டுவெச்சா, இந்த நிலையத்தைப் பார்த்துக்கறீங்களா?"