ஒரு டெஸ்ட் கால்

சிம் குழிக்குள், தண்ணீர் பட்டால் சிவக்க வேண்டிய ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் போனின் பின்மூடியைக் கழற்றியதும் மேசையில் தண்ணீர் சொட்டியது. மெக்கானிக்குக் கடுப்பு. காலையிலிருந்து ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்து, சூடான காற்றில் காட்டி, போர்டைச் சுக்காகக் காயவைத்தாலும், கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் ஓட்டையில் மறுபடி ஈரம் கசிந்து, பாசி பிடித்த கிணற்றின் வாடை கடையெங்கும் பரவியது.

"கெணத்துல போட்டீங்களா?"

"தண்ணியே படல. என் தம்பி போன்." காலையில் போனைக் கொடுத்துவிட்டு மதியம் திரும்பி வந்தவன் கவுண்டரை விட்டு எட்டியே நின்றான்.

"அப்ப தம்பியையே வரச் சொல்லுங்க."

"அவன் இல்ல. உள்ள இருக்கற போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க. இதுலருந்து யாருக்கும் போன் போட்டுறாதீங்க."

பெரிய இவன், தொழில் சொல்லித்தர வந்துவிட்டான். "சாயங்காலம் வாங்க" என்று விரட்டிவிட்டான் மெக்கானிக்.

வெயில் தாழும்போது திரைக்கு உயிர் வந்தது. எந்தப் போனைச் சரிசெய்தாலும், மைக்கும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க மனைவியை அழைப்பது அவன் வழக்கம். அவனுக்கு மனப்பாடமான நம்பர் அது ஒன்றுதான். விரல் தன் பாட்டுக்கு அழுத்திவிட்டது.

"ஹலோ, டெஸ்டிங்தானே? நல்லாக் கேக்குது. ஆனா ஏன் இவ்ளோ தண்ணிச் சத்தம்? பைப்ப மூடுங்க."

கடையில் குழாயே கிடையாது.

"பக்கத்துல யாரு? ஏன் என் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க?"

இணைப்பு அறுந்தது.

அப்போதுதான் உள்ளே வந்த போன்காரன் திரையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "போட்டுட்டீங்களா?"

"என் பொண்டாட்டிக்குத்தான்…"

"எங்கம்மாவும் இப்படித்தான் எடுத்தாங்க. கெணத்துல போன தம்பி மாதிரி அவங்களும் இப்ப இல்ல."

அவன் போனைத் தொடவில்லை. திரும்பி நடந்துவிட்டான்.

மெக்கானிக் தன் போனிலிருந்து வீட்டுக்கு அடித்தான். எடுத்தாள். பேசவில்லை. குமிழிகள் உடையும் சத்தம் மட்டும். ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினான்.

மாடிப்படி காய்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஈரமில்லை. குளியலறையிலும் இல்லை. ஜன்னலோரம் அவள் நின்றாள். முதுகைக் காட்டியபடி. காதில் போன். புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"ஏம்மா பேசவே இல்ல? பயந்தே போயிட்டேன்."

திரும்பினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

தண்ணீர் கொட்டியது. கலங்கிய, பச்சைத் தண்ணீர். மூச்சு விட இடமில்லாமல். அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்கள் பிதுங்க, அவனையே பார்த்தாள். தண்ணீர் நிற்கவில்லை.