மூன்றாவது மிடறு

இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்து ஜெயபாண்டி ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தபோது, அந்த அறைக்குள் யாரோ ஒரு மிடறு விழுங்கினார்கள்.

பெரிய சத்தமில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குகிற, ஈரமான, நிதானமான சத்தம். நல்ல பண்டத்தை நாக்கில் வைத்திருந்து, உள்ளே அனுப்ப மனசில்லாமல் அனுப்புகிறவர்களிடம் கேட்பது. அவன் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கிளாஸ் மேஜைமேல் இருந்தது. தரணீதரனுடைய கிளாஸும் மேஜைமேல்தான் இருந்தது. அவர் குனிந்து அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீங்களாண்ணே?"

"என்னதுங்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

தன் தொண்டையாகத்தான் இருக்கும் என்று ஜெயபாண்டி நினைத்துக்கொண்டான். அந்த அறையில் அப்படித் தோன்றுவது புதிதில்லை. மாடியில் தரணீதரன் ஆசையாகக் கட்டிய அறை அது. ஜன்னல் கிடையாது. நாலு சுவருக்குள்ளும் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, மேலே சாம்பல் நிறத் துணியை இழுத்து ஒட்டியிருந்தார்கள். பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுத்துணிதான். அது தின்னாத சத்தம் கிடையாது. பக்கத்து காம்பவுண்டில் நிட்டிங் மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமைகூட இரைந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தக் கனத்த கதவைச் சாத்திவிட்டால், தன் இமை மூடித் திறப்பதுகூடக் கேட்டுவிடும் போலிருக்கும்.

தரணீதரனுக்கு விஸ்கி, ஜெயபாண்டிக்குப் பாட்டு. அதுதான் அவர்கள் சிநேகம். தரணீதரன் நிட்டிங் யூனிட் முதலாளி. துணி வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஸ்காட்லாந்துச் சரக்காகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஜெயபாண்டி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, காதர்பேட்டையில் பட்டனும் ஜிப்பும் விற்கிறவன். பழைய இசைத்தட்டு எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவான். தட்டைச் சுழலவிட்டுக் கண்ணை மூடினால், வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடத்தில் மூச்சு வாங்குவதுகூட அவனுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் உட்காருவார்கள். எந்தப் பாட்டிலில் எந்தச் சரக்கு என்று தெரியாமலிருக்க, மெஷினிலிருந்து குழாயாக இறங்கும் பனியன் துணியை வெட்டித் தரணீதரன் ஒவ்வொன்றுக்கும் கழுத்துவரை உறை போட்டிருப்பார். ஜெயபாண்டி இடம் மாற்றி வைப்பான். வாய் ஒடுங்கிய சின்னக் கிளாஸில் ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூக்குக்கு இவ்வளவு, நாக்குக்கு இவ்வளவு, விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் ருசிக்கு இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் போடுவார் தரணீதரன். ஜெயபாண்டி பேருக்கு ஒரு வாய் நனைத்துக்கொண்டு பாட்டைக் கேட்பான்.

ஆடிக்குப் பிறகு அது நின்றுபோயிருந்தது. போன் செய்தால் உடம்பு சரியில்லை என்பார். ஐப்பசி மழை பிடித்திருந்த இன்றைக்குக் காலையில் அவரே கூப்பிட்டார். "வாங்க பாண்டி. அனுவும் புள்ளையும் அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்க. அந்த வயலின் தட்டு இருக்குதுங்களே, அதைக் கொண்டாங்க."

வந்து பார்த்தபோது ஜெயபாண்டிக்குப் பகீரென்றது. சட்டைக்குள் ஆளே இல்லை. கன்னம் உள்வாங்கி, கழுத்தெலும்பு தூக்கி நின்றது. கேட்டதற்கு, "சாப்பாடு எறங்கறதில்லீங்க" என்றதோடு சரி. முதல் கிளாஸுக்கு மார்க் சொன்னபோதும் பழைய உற்சாகம் இல்லை. "தேனு. வறுத்த பாதாம். பின்னால ஊத்துக்குளி வெண்ணெய். எம்பத்தி நாலு." யாரோ சொல்லச் சொல்ல ஒப்பிப்பவர் போலச் சொன்னார்.

ஜெயபாண்டி தட்டைத் திருப்பிப் போட்டான்.

சுபபந்துவராளி. வயலின் அடியிலிருந்து மெல்ல எழுந்தது. துக்க வீட்டில் எல்லாரும் அழுது ஓய்ந்தபின் யாரோ ஒருத்தி மட்டும் விடாமல் முனகுவதுபோன்ற அந்த ராகத்தைக் கேட்க அவன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான். மூடிய கண் உடனே திறந்துகொண்டது. எதுவோ குறைந்தது. வயலின் இருந்தது, மிருதங்கம் இருந்தது, தட்டின் கீறல் அவ்வப்போது பொரிந்தது. ஆனால் அவை நிற்கத் தரை இல்லை. ஆரம்பம் முதல் கடைசிவரை பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தம்புரா அங்கே இல்லை.

எழுந்துபோய் ஊசியைப் பார்த்தான். தூசி இல்லை. ஸ்பீக்கர் ஒயரை அழுத்திப் பார்த்தான்.

"தம்புரா கேக்கலண்ணே."

"கேக்குதுங்களே" என்றார் தரணீதரன். "நல்லாத்தான் கேக்குது."

அவர் இரண்டாவது கிளாஸை மூக்கருகே தூக்கியிருந்தார். மூச்சை இழுக்கவில்லை. கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்திருந்தார். காதோடு காதாகப் பேசுகிறவர்களுக்குக் குனிந்து கொடுப்பதுபோல. அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

"நல்லெண்ணெய்" என்றார். "கருவாட்டுக் கொழம்பு, மத்தியானத்துது. நாக்குக்கு அடியில மாத்திரைக் கசப்பு. சர்க்கரை மாத்திரை."

ஜெயபாண்டி சிரிக்கப் பார்த்தான். "இது என்னண்ணே விஸ்கி? எங்க வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லுதீங்க?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று அவரிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. சர்க்கரை இருப்பதே போன மாதம்தான் தெரிந்தது. அதை மனைவி நாகஜோதியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது மறுபடியும் கேட்டது. மிடறு. இந்தத் தடவை பக்கத்தில். சோபாவின் கைப்பிடியில் யாரோ உட்கார்ந்து குனிந்து விழுங்கியதுபோல அவன் வலது காதுமடலுக்கு வெகு அருகில். அதோடு ஒரு மணமும் வந்து போனது. புளித்த மால்ட்டும், நாள்பட மூடிவைத்த ஈரத்துணியும், அதற்கடியில் வாய்நாற்றமும்.

மிருதங்கம் நின்றுபோனது. கைகள் தாளம் போடுவதை நிறுத்தியதுபோல அல்ல. அந்த வாத்தியத்தையே தட்டிலிருந்து துடைத்து எடுத்ததுபோல. வயலின் மட்டும் தனியாக, பிடிமானம் இல்லாமல், அந்தரத்தில் அழுதது.

"வேர்வை" என்றார் தரணீதரன், கண்ணைத் திறக்காமல். "காதுக்குப் பின்னால. உப்புக் கம்மி. பயம் இப்பத்தான் மேல ஏறுது. எம்பத்தொம்பது."

ஜெயபாண்டி அவர் கையைப் பார்த்தான். கிளாஸ் ஊற்றிய அளவில் அப்படியே இருந்தது. மேஜைமேல் முதல் கிளாஸையும் பார்த்தான். அதுவும்.

"அண்ணே. நீங்க குடிக்கவே இல்லயே."

தரணீதரன் கண்ணைத் திறந்தார். கண்ணில் நீர் நின்றது.

"எனக்கு ஆடியிலிருந்து நாக்குல ஒண்ணுமே தெரியறதில்லீங்க பாண்டி. இங்க தனியா உக்காந்திருந்தேன். நான் முழுங்கறதுக்கு முன்னால யாரோ முழுங்குனாங்க. அன்னைக்குப் புகை வாசம் போச்சு. அப்பறம் இனிப்பு. அப்பறம் உப்பு, காரம், எல்லாம். ரசம் எது, தண்ணி எதுன்னு தெரியலீங்க. டாக்டரு நாக்கு நல்லாருக்குன்னுட்டாரு."

"யாருண்ணே?"

"தெரியாதுங்க. ஆனா அதுக்கு ருசி தெரியுது. எடுத்ததை எனக்குச் சொல்லுது. அதைக் கேக்கையில மட்டுந்தான் நான் உசுரோட இருக்கற மாதிரி இருக்குது." அவர் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஒண்ணுமில்லாமப் போச்சுங்க. அதுவும் ஒண்ணும் சொல்லாமச் சும்மா இருந்துது. அது சும்மா இருக்கறதை என்னால தாங்க முடியலீங்க."

ஜெயபாண்டி கதவைப் பார்த்தான்.

"உங்க காதைப் பத்தி அதுகிட்ட நாந்தாங்க சொன்னேன்" என்றார் தரணீதரன். "மன்னிச்சுக்குங்க."

ஜெயபாண்டி எழுந்தான். முழங்கால் மேஜையில் இடித்தது. இடித்த சத்தம் பாதிதான் கேட்டது.

மிடறு.

வயலின் போயிற்று. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி அதன்மேல் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை.

மிடறு.

தரணீதரனின் உதடுகள் அசைந்தன. கண்ணை மூடிவிட்டார். தலை சாய்ந்திருந்தது. முகத்தில் பழைய களை. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சரக்கு கிடைத்தால் வருமே, அந்தக் களை.

கதவு. கைப்பிடி. ஈரம். தன் கை ஈரமா, கைப்பிடி ஈரமா. இழுத்தான். வரவில்லை. மறுபடியும். கதவு விட்டது. படி. இன்னொரு படி. பின்னால் யாராவது வருகிறார்களா? கேட்கவில்லை. வந்தாலும் கேட்காது.

திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரைமேல் அறைந்து தெறித்த மழை சத்தமில்லாமல் பெய்தது. பக்கத்து காம்பவுண்டின் திறந்த ஷட்டருக்குள் மெஷின்கள் சுற்றின. வேலையாட்கள் ஒருவர் காதருகே ஒருவர் வாயை வைத்துக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஸ்கூட்டரை உதைத்தான். காலில் ஏறிய அதிர்வில்தான் வண்டி கிளம்பிவிட்டது தெரிந்தது. வளைவில் துணிபாரம் ஏற்றிய ஒரு வேன் அவனை உரசி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, வாயை அகலத் திறந்து திட்டினான். ஜெயபாண்டி அந்த வாயையே பார்த்தான். தொண்டைக்குழியையும். பிறகு வண்டியை முறுக்கினான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. நாகஜோதி கதவைத் திறந்து, நனைந்த சட்டையைத் தொட்டு ஏதோ கேட்டாள். அவன் சொன்னான். என்ன சொன்னான், எவ்வளவு உரக்கச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் ஓரடி பின்னால் போய்க் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவன் தன் இரண்டு காதையும் காட்டி, கையை விரித்தான். அவள் முகம் மாறியது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் தலையைத் துவட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசல்பக்கம் போனாள். தன் அண்ணன் தமிழ்செல்வனைத்தான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பாள். போகலாம். காலையில் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அவனுக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது.

எதிரே ஜெயபாரதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பாவைப் பார்த்துப் பயந்திருந்தாலும், ரசச்சோற்றை உருட்டி வாயில் வைத்தாள்.

அப்போது அவனுக்குக் கேட்டது. உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சத்தம் அதுதான். தெளிவாக, நிதானமாக, ஒரு மிடறு. தன் காதருகே அல்ல. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம்.

ஜெயபாரதி மெல்லுவதை நிறுத்தினாள்.

தட்டைப் பார்த்தாள். ரசத்தில் விரலை விட்டு நக்கினாள். மறுபடியும் நக்கினாள். ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் எழ முயன்றான். கால் வரவில்லை. கத்தினானா என்று தெரியவில்லை. வாசலில் நாகஜோதி திரும்பவில்லை. குழந்தை உப்பு ஜாடியை இழுத்தாள். கொஞ்சம் தூவினாள், தின்றாள். இன்னும் தூவினாள். பிறகு சோற்றை ஒதுக்கிவிட்டு, கைநிறையக் கல்லுப்பை அள்ளி வாயில் போட்டு மென்றாள். முகம் சுளிக்கவில்லை. உதடு வெடித்து ஓரத்தில் எச்சிலோடு லேசாகச் சிவப்பு வழிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அவள் அடுத்த கைப்பிடியை அள்ளினாள்.