பத்தர் பட்டறைத் தரைமண்

தட்டில் ஒரு பொட்டுகூட மின்னவில்லை.

சிந்தாமணி மரத்தட்டை மறுபடி சுழற்றினாள். கறுப்பு மணல் மட்டும் ஓரத்தில் ஒதுங்கியது. நாற்பது வருடம் நகை செய்த தரையின் மண் அது. காலையில் அரித்த கூடைகளில் பொன்தூள் கடுகுபோல் கிடந்ததே! மத்தியானத்துக்குப் பிறகு வருவதெல்லாம், யாரோ முன்னாலேயே அலசி வைத்ததுபோல் வெறும் மண்.

போன ஆடியில் இறந்துபோன பாலசுந்தரம் பத்தரின் பட்டறை. அரியலூரில் அந்தப் பழைய வீட்டை விடிந்தால் இடிக்க வண்டி வரும். அதற்குள் தரையைப் பெயர்த்து அரித்துக்கொள்ளலாம் என்று பத்தரின் மகன் சொல்லியிருந்தான். பின்கட்டுத் தொட்டியில் சிந்தாமணி அரிக்க, அவள் கணவன் குழந்தைவேல் உள்ளறையில் தோண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த கூடையை எடுக்க அவள் உள்ளே போனாள். மேகம் கட்டியதில் நாலு மணிக்கே அறை இருண்டுவிட்டது. பழைய உமிக்கரியும் புளித்தண்ணீரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. தோண்டிய குழியின் அடியில், பத்தர்கள் பொன்தூள் கூட்டும் பிரஷ்ஷால் இழுத்ததுபோல் மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே பக்கமாக, பத்தர் உட்காரும் மூலையைப் பார்த்து.

"ஏங்க, இங்க கூட்டுனீங்களா?"

"நம்ம வூட்டையே நான் கூட்டுனதில்ல. இங்கயா கூட்டப்போறேன்?"

"அப்ப யாரு?"

"பத்தரு வந்து கூட்டுறாரோ என்னவோ. நல்லதுதானே புள்ள, நமக்கு வேல மிச்சம்."

சிரித்துக்கொண்டே திரும்பிக் குனிந்தான். வேர்வை முதுகில் மண் அப்பியிருந்தது. அதன் மேல், தோளிலிருந்து இடுப்புவரை, அதே கோடுகள்.

எடுத்த கூடையை அவள் கீழே வைத்தாள்.

"வேணாங்க. போயிடலாம், வாங்க."

"இன்னும் ரெண்டு கூடை. வெடிஞ்சா வண்டி வந்துரும். நீ போயி தண்ணிய மாத்து, வந்துர்றேன்."

தொட்டித் தண்ணீரை அவள் இறைத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழும் சத்தத்துக்கு அடியில் மண்வெட்டியின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

சர்... சர்... சர்...

"ஏங்க?"

சர்... சர்...

"ஏங்க!"

ஓடினாள்.

குழந்தைவேல் பத்தரின் மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு தூசி இல்லை. குளித்துத் துடைத்ததுபோல் இருந்தான். கண் அவளைப் பார்த்தது. உதடு துடித்தது. குரல் வரவில்லை.

கையைப் பிடித்து இழுத்தாள். சுட்டது. உதறினாள்.

ஃபூ...

கரி நெருப்பை ஊதும் ஊதுகுழலின் நீண்ட மூச்சு. அவளுடையதல்ல. அவனுடையதுமல்ல.

பதினைந்து வருடம் பட்டறை பட்டறையாகத் தோண்டி, மண்ணோடு பொன்தூளையும் சுவாசித்த குழந்தைவேலின் நெஞ்சு அது. தோலுக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடுவே சிவப்பு. ஊதும் மூச்சு நின்றதும் அது மங்கியது.

ஃபூ...

கனன்றது.

அவன் மூக்கு நுனியில் உருகிய பொன்னாக ஒரு துளி திரண்டது. கனத்தது. விழுந்தது.

தரையைத் தொடவில்லை. யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டதுபோல், அந்தரத்தில் நின்று மின்னியது.