ஆற்றுக்கு அந்தப் பக்கம்

"கையை எடுங்க மிஸ்டர்! அது நூத்திப் பதினேழு பேரோட கையெழுத்து!"

டெலியா போட்ட கூச்சலில் தீவனக் கடை வாசலில் நின்றிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிய மழையில் அவளுடைய மடக்கு மேசை ஒரு பக்கம் சரிய... அதிலிருந்த காகிதங்களை யாரோ ஒருவன் அள்ளித் தன் கோட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"நனையாம காப்பாத்தினா திருடன் பட்டமா? நல்ல ஊருங்க இது!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமை ஓரத்தில் மழைத்துளி... அதற்குக் கீழே சாம்பல் கலந்த பச்சைக் கண்கள். வாய் சிரித்தபோதும் அந்தக் கண்கள் சிரிக்கவில்லை. 'இவனுக்கு என்ன துக்கமோ...' என்று ஓடிய நினைப்பை டெலியா அதட்டி அடக்கினாள்.

கூரைக்கு அடியில் ஒதுங்கியதும் அவன் கையெழுத்துகளுக்கு மேலே இருந்த மனுவைப் படித்தான்.

"நோயாளிகளுக்குக் கஞ்சா மருந்தா... நம்ம ஐடஹோவிலயா? இங்க ஒருத்தன் பீர் வாங்கினாலே பாதிரியாருக்குச் சேதி போயிடுமே!"

"சிரிங்க. எங்கம்மா கதையைக் கேட்டுட்டு அப்புறமும் சிரிங்க."

சொன்னாள். அம்மா நோரீன் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய நாளிலிருந்து தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ஆற்றைத் தாண்டினால் ஒரிகன் மாநிலம்; ஐடஹோவில் இருக்கும் தடை அங்கே இல்லை. இருபது நிமிடப் பயணம். அங்கே ரொட்டிக் கடை மாதிரி வெளிச்சமாக, பட்டப்பகலில் கஞ்சா மிட்டாய் விற்கிறார்கள். ஒரே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு திரும்பியவளைப் பாலத்து முனையில் போலீஸ்காரர்கள் மடக்கினார்கள்.

"தலையில ஒரு முடி இல்லாத பொம்பளைக்கு விலங்கு மாட்டினாங்க. ரெண்டு நாள் லாக்கப். வேலையும் போச்சு. எதுக்கு? ஒரு துண்டு ரொட்டி வயித்துல தங்கணும்னு ஆசைப்பட்டதுக்கு!"

அவன் சிரிக்கவில்லை. மனுவை மடித்து அவளிடம் நீட்டினான்.

"நான் மாட்டு டாக்டர்," என்றான் மெல்ல. "வலியில துடிக்கிற பசுவைப் பார்த்தா உடனே ஊசி போட்டுடுவேன். யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை..."

அவன் பெயர் ஹாலிஸ். அடுத்த சனிக்கிழமையும் வந்தான், கையில் இரண்டு காபியோடு. அதற்கடுத்த சனிக்கிழமையும். திட்டிவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் சொல்ல அவள் வாயைத் திறக்குமுன், "தொண்டையைக் காப்பாத்துங்க, அடுத்த ஆளுக்கு வேணும்," என்று காபியை நீட்டுவான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். வெள்ளிக்கிழமையே மறுநாளுக்கான உடுப்பைத் தேட ஆரம்பித்தாள்... வெட்கக்கேடு!

நான்காவது சனிக்கிழமை கேட்டே விட்டாள்.

"டாக்டரே, மேசை தூக்குறீங்க, காபி வாங்குறீங்க... கையெழுத்து மட்டும் கசக்குதா?"

அவன் பேனாவை எடுத்து, திரும்ப வைத்துவிட்டான்.

"என் முழுப் பேர் ஹாலிஸ் வார்னிக்."

டெலியா காபியை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். வார்னிக்! அம்மா மேல் வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர்!

"அவர் மகனா நீங்க? மூணு வாரமா என் பக்கத்துல நின்னு வேவு பார்த்தீங்களா?"

"இல்ல டெலியா! எங்கம்மாவும் இதே நோயில்தான் போனாங்க. நாலு தடவை நானே ஆத்தைத் தாண்டிப் போய் இதே மிட்டாயை வாங்கிட்டு வந்தேன். அப்பாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல..."

அவள் பரிதாபப்பட்டிருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுல மருந்து... எங்க வீட்டுல குற்றமா? இதை ஊர் முன்னால சொல்லுவீங்களா?"

அவன் தலைகுனிந்தான். "அப்பாவுக்கு நான் ஒருத்தன்தான்..."

"எங்கம்மாவுக்கும் நான் ஒருத்திதான். போங்க. இனிமே வராதீங்க!"

போய்விட்டான். அன்று வீட்டில் அவள் அழுததற்குக் காரணம் கோபம் மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மதியம், மாவட்ட மண்டபத்தில் மனுவைப் பற்றிப் பொதுக்கூட்டம். மேடையில் வார்னிக் நிதானமாகப் பேசினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்த மனு நம்ம குடும்பங்களைக் கெடுக்க வந்தது."

டெலியா எழுந்து பதில் சொல்லத் தொடங்கியதுமே, "உட்காரும்மா கஞ்சாக்காரி!" என்று ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் அம்மா தன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னா, என் மேலயும் வழக்குப் போடுங்கப்பா."

பின் வரிசையில் ஹாலிஸ் நின்றுகொண்டிருந்தான்.

"ஹாலிஸ், உட்கார்!" மேடையிலிருந்து அதட்டினார் வார்னிக்.

"நாலு தடவை கொண்டு வந்தேன். அம்மா கடைசி மாசம் சாப்பிட்டாங்கன்னா அதனாலதான். மேசையில எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டு நீங்க அழுதீங்க. அப்புறம் ஆபீஸ் போய் நோரீன் அம்மா வழக்குல கையெழுத்துப் போட்டீங்க. நான் வாயை மூடிட்டு இருந்தேன். நாம ரெண்டு பேருமே கோழைங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. வார்னிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று சட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் வெங்காயப் பண்ணைக்காரி ஒருத்தி எழுந்து, நேரே மனு இருந்த மேசைக்குப் போனாள். அவள் பின்னால் இன்னொருவர்... பிறகு ஒரு வரிசையே.

வெளியே, வெயிலில் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான் ஹாலிஸ். டெலியா ஓடி வந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? இத்தனை பேர் முன்னால ஒத்துக்கிட்டியே... நிஜமாவே உள்ள வச்சிடுவாங்கடா!"

கோபத்தில் மரியாதை பறந்துபோனதை இருவருமே கவனித்தார்கள்.

"உனக்காகச் சொல்லல," என்றான். "எங்கம்மாவுக்காகச் சொன்னேன். உனக்காகச் சொல்ல வேண்டியது தனியா இருக்கு..." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "முதல் நாள் என்னைத் திருடனாக்கிக் கத்தினே பாரு... அப்பவே உன்கிட்ட விழுந்துட்டேன் டெலியா."

அவள் கண்கள் நிறைந்தன. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள வச்சா... என்னைப் பார்க்க வருவியா?" என்றான்.

"பார்க்க வர மாட்டேன்." அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "மேசையைக் கொண்டுவந்து ஜெயில் வாசல்ல போட்டு, உன்னை வெளியே விடுற வரைக்கும் கத்துவேன். எனக்கு நீ வேணும்... புரியுதா மாட்டு டாக்டரே?"